ஸ்டோவ்னருக்குப் போன புத்தர்

ஸ்டோவ்னர், ஓஸ்லோ
09.02.2003

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் கமலாவும் மகள் தர்மினியும் பிள்ளையாரின் தயவில் சுகமாக இருக்கிறோம். உங்களுக்கு முழங்கால் நோவு எப்படி? குலேந்திரன் அத்தானின் இருமல் நின்றதா? எழுதவும்.

இங்கே பனி முழங்காலுக்கு மேலே. நேற்று குரூருட் ஏற்றத்தில் நான் ஓட்டுகிற பஸ் வழுக்கிக் குறுக்கே நின்றுவிட்டது. இழுத்து எடுக்க ஒன்றரை மணித்தியாலம். நோர்வே நடுவில் நின்று பேச்சுவார்த்தை நடத்துகிறபடியால் வேலையிடத்தில் எல்லாரும் எனக்குக் கை தருகிறார்கள், சமாதானத்துக்கு நான்தான் கையெழுத்துப் போட்டவன் மாதிரி.

ஒரு சின்ன விஷயம். வடக்கே பாட்ஸ்பியோர்ட்டில் நான் மீன் வெட்டிய காலத்தில் பின்னேரங்களில் எங்களுக்கு நோர்வே பாஷை படிப்பித்த இங்கெபோர்க் ரீச்சரைப் பற்றி எழுதியிருக்கிறேன். அவ இப்போது எங்களுக்கு அடுத்த கட்டடத்தில் இருக்கிறா. வயது எழுபத்தைந்து. புத்த சமயத்துக்கு மாறியவ. ஞாயிற்றுக்கிழமைகளில் பத்துப் பதினைந்து வெள்ளைக்காரர் அவவின் வீட்டில் கூடிக் கண்ணை மூடிக்கொண்டு இருப்பார்கள். புத்த சமயம் மேற்கு நாடுகளுக்கு ஆதியில் எப்படி வந்தது என்று ஒரு சிறு புத்தகம் எழுதுகிறா. எங்கள் கந்தரோடையில் பழைய காலத்தில் தமிழர்களும் புத்தரைக் கும்பிட்டார்களாமே என்று என்னைப் பிடித்து விசாரிக்கிறா.

அதனால்தான் கேட்கிறேன். 86ஆம் ஆண்டு எங்கள் தோட்டக் கிணற்றை ஆழமாக்கியபோது கிடைத்ததைப் பற்றி எங்கள் ஐயா சாகமுன் எங்கேயாவது எழுதி வைத்தாரா? கிணறு வெட்டிய இராசமணி இப்போது இருக்கிறாரா? சும்மாதான் கேட்கிறேன்.

அத்தானுக்கு என் அன்பைச் சொல்லவும்.

இப்படிக்கு,
தம்பி குகநேசன்


கந்தரோடை, சுன்னாகம்
14.03.2003

அன்புத் தம்பி குகநேசனுக்கு,

உன் கடிதம் இருபது நாளில் வந்துவிட்டது. சண்டை நின்று பாதை திறந்த பிறகு தபாலுக்கும் கால் முளைத்துவிட்டது. எனக்கு முழங்கால் நோவு இருந்தபடியே இருக்கிறது. அத்தான் இருமிக்கொண்டே சுருட்டும் பத்துகிறார். மற்றும்படி குறையில்லை. நீங்கள் மூவரும் குளிருக்குக் கவனமாக இருங்கள்.

நல்ல கேள்வி கேட்டாய் போ! பதினேழு வருஷமாக அந்தக் கிணற்றின் பெயரை எடுக்காதவன், ஒரு வெள்ளைக்கார மனிசி கேட்டதும் கேட்கிறாய். நீயும் கூட நின்றவன்தானே, மறதி வந்துவிட்டதா? சரி, மறந்திருந்தால் சொல்கிறேன்.

ஆவணி மாதம். முப்பத்திரண்டு அடியில் இராசமணி ஒரு புத்தர் சிலையைத் தூக்கிக்கொண்டு ஏறினான். ஒரு சாண் உயரம், வெள்ளைக்கல், இடது கை இல்லை. ஐயாவுக்கு வேர்த்துக் கொட்டியது. "இது வெளியிலை தெரிஞ்சால் காணி எங்கடை இல்லை. நாளைக்கே அரசமரத்தை நட்டுப்போட்டு விகாரை எண்டுவாங்கள்" என்று சொல்லி, இராசமணியின் வாயைக் கட்டி, சிலையை நெல்லறையில் ஒளித்தார். பத்து நாளில் சிலையைக் காணவில்லை. இராசமணியைத் தவிர வெளியாள் ஒருவருக்கும் தெரியாது. ஆகவே அவன்தான் எடுத்தான் என்று ஐயா முடிவு கட்டிவிட்டார்.

பிள்ளையார் கோயிலில் கற்பூரம் கொளுத்திச் சத்தியம் பண்ண வைத்தார். சனத்துக்கு முன்னால் புத்தர் என்று சொல்ல முடியாதே! அதனால், "இந்தக் கிணத்துக்குள்ளாலை வந்த ஒரு பொருளையும் நான் எடுக்கேல்லை. எடுத்திருந்தால் என்ரை பிள்ளை எனக்கில்லை" என்று ஐயா சொல்லிக் கொடுத்தார். இராசமணி அப்படியே சொல்லிக் கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்தான். நாலாம் நாள் நீ கொழும்புக்கு பஸ் ஏறிவிட்டாய்.

மூன்று மாதத்தில் பலாலி ஆமிக் காம்பிலிருந்து வந்த செல் குண்டு விழுந்து அவனுடைய ஒரே பொடியன் செத்தான். ஏழு வயது. ஊரே சொன்னது, பொய்ச் சத்தியம் பிள்ளையைத் தின்றுவிட்டது என்று. கிணற்றுக்குள் பொன் கிடைத்ததென்றும் அவன் ஒளித்துவிட்டானென்றும் சனம் நினைத்தது. அவன் பெண்சாதி நேசமணியும் அப்படியே நம்பி, அவனை விட்டுத் தாய்வீட்டுக்குப் போனாள். 96இல் வன்னியில் காய்ச்சலில் செத்துப் போனாள். இன்றைக்கும் அவனைக் கிணறு வெட்ட யாரும் கூப்பிடுவதில்லை. அவன் தொட்டால் தண்ணீர் ஊறாதாம். சந்தையில் மூட்டை தூக்குகிறான். ஐயா ஒன்றும் எழுதி வைக்கவில்லை.

இதையெல்லாம் டெலிபோனில் கேட்டுவிடாதே. கொமினிகேசன் கடையில் எனக்குப் பின்னால் பத்துப் பேர் வரிசையில் நிற்பார்கள்.

இப்படிக்கு,
அக்கா சிவநாயகி


ஸ்டோவ்னர்
06.04.2003

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். வெயில் எட்டிப் பார்க்கத் தொடங்கிவிட்டது. கமலாவுக்கு முதியோர் இல்லத்துச் சமையலறையில் நிரந்தர வேலை கிடைத்துவிட்டது. அத்தானைச் சுருட்டை விடச் சொல்லவும்.

இங்கெபோர்க்குக்கு இனி ஒன்றும் சொல்லப் போவதில்லை. அவவிடமே வேறு நிறையக் கதை இருக்கிறது. சுவீடனில் ஹெல்கோ என்றொரு தீவில் மண்ணுக்குள்ளிருந்து ஒரு சின்ன வெண்கலப் புத்தரை எடுத்திருக்கிறார்களாம். வட இந்தியப் பக்கத்தில் ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முன்னே செய்ததாம். "யாரோ ஒரு மனிதன் அதைக் கையில் கொண்டு வந்திருக்கிறான். வாங்கினானா, பரிசாகப் பெற்றானா, களவெடுத்தானா, ஒருவருக்கும் தெரியாது" என்றா. பிறகு என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தா. எனக்கு எழும்பிப் போகவேண்டும் போல இருந்தது.

அடுத்த மாதம் எங்கள் கட்டடத்து மகேந்திரராசா ஊருக்கு வருகிறார். அவரிடம் ஒரு பார்சல் கொடுத்து விடுகிறேன். உங்களுக்கும் அத்தானுக்கும் சுவெட்டர். அதோடு ஒரு கம்பளிப் போர்வையும் ஒரு சோடிச் சப்பாத்தும் இராசமணிக்கு. பாவம், வயதான மனிதன். வேறு காரணம் இல்லை. நான் தந்தேன் என்று சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
குகநேசன்


ஓஸ்லோ
27.04.2003

ஹெய் சிவநாயகி மாமி!

நீங்கள் சுகமா? நான் சுகம். எங்கள் தமிழ்ப் பாடசாலையில் மரியரஞ்சனி ரீச்சர் எல்லாரையும் ஊரில் இருக்கிற சொந்தக்காரருக்கு ஒரு கடிதம் எழுதச் சொன்னவ. எனக்கு உங்களைத்தான் தெரியும். எழுத்துப் பிழை இருந்தால் சிரிக்க வேண்டாம்.

நான் நோர்வே ஸ்கூலில் ஒரு ப்ரொஸ்யெக்ட் செய்கிறேன். புத்த சமயம் மேற்கு நாட்டுக்கு எப்படி வந்தது என்று. இங்கெபோர்க் உதவி செய்கிறா. முதலில் அசோக ராசா கிரேக்க ராசாக்களிடம் ஆள் அனுப்பினவர். அதைக் கல்லில் வெட்டி வைத்தவர். ஆனால் அந்த ஆட்கள் போய்ச் சேர்ந்தார்களா என்று தெரியாது. அது சோகம், இல்லையா?

கடைசிப் பக்கத்தில் அப்பாவைப் பற்றி எழுதுகிறேன்! ஏனென்றால் அப்பாவும் ஒரு புத்தரை ஊரில் இருந்து கொண்டு வந்தவர்தானே. அது இங்கெபோர்க்கின் ஸ்தூவேயில், அதுதான் ஹாலில், தட்டில் இருக்கிறது. வெள்ளைக்கல். ஒரு கை இல்லை. எல்லாரும் அதற்கு முன்னால்தான் இருந்து தியானம் செய்வார்கள். வழியில் ஆமிக்காரன் அப்பாவின் பையைத் திறந்து, புத்தரைக் கண்டதும் கும்பிட்டு விட்டானாம். இங்கெபோர்க்தான் சொன்னா. அப்பா எனக்குச் சொல்ல மாட்டேன் என்கிறார். அது உங்கள் சாமியறையில் இருந்ததா? எவ்வளவு பழையது? ப்ளீஸ் எழுதுங்கோ. மே பத்தொன்பதாம் தேதி கொடுக்க வேண்டும்.

அன்புடன்,
தர்மினி


கந்தரோடை
02.07.2003

தம்பி,

நாங்கள் சுகம். தர்மினியின் கடிதம் மே மாதமே வந்தது. பிள்ளை நல்ல வடிவாக எழுதியிருக்கிறாள். அவளுக்குப் பதில் போட என்னால் முடியவில்லை. மாமிக்குச் சுகமில்லை என்று சொல்லிவிடு.

மகேந்திரராசா கொண்டு வந்த போர்வையும் சப்பாத்தும் அலமாரிக்குள் அப்படியே இருக்கின்றன. அவற்றைக் கொடுக்க மாட்டேன்.

ஒன்றே ஒன்றைக் கேட்கிறேன். அன்றைக்குக் கோயிலில் கற்பூரத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நீ. கை நடுங்கவில்லையா?

சிவநாயகி


ஸ்டோவ்னர்
20.07.2003

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம் விசாரிக்க எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் நீங்கள் சுகமாக இருக்க வேண்டும்.

நடுங்கியது. ஐயர் கவனித்துவிட்டு, "தம்பி காலமை ஒண்டும் சாப்பிடேல்லையோ?" என்று கேட்டார். ஓமென்றேன்.

எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. பொடியன்களை பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோன காலம் உங்களுக்குத் தெரியும். பேர்ஸில் புத்தர் படம் வைத்திருந்த ஒருவனை ஆமி தொடாமல் விட்டதாக நான் ரியூசன் படித்த ரியூட்டரியில் ஒருத்தன் கதை சொன்னான். அது என் தலைக்குள் புகுந்துவிட்டது. ஐயா எப்படியும் அந்தச் சிலையைத் திரும்பப் புதைக்கத்தானே போகிறார், மண்ணுக்குள் கிடப்பதை நான் கொண்டுபோனால் யாருக்கு நட்டம் என்று நினைத்து எடுத்தேன். இடுப்பில் கட்டுகிற சாரம் ஒன்றில் சுற்றி என் பைக்குள் வைத்தேன்.

ஐயா இராசமணியைப் பிடிப்பார் என்று நான் நினைக்கவே இல்லை. சத்தியத்துக்கு முதல்நாள் பின்னேரம், சிலையைத் திரும்ப வைக்க நெல்லறை வாசல் வரைக்கும் போனேன். ஐயா உள்ளே இருந்து மூட்டைகளைப் பிரட்டிக்கொண்டிருந்தார். திரும்பி வந்துவிட்டேன். பிறகு எனக்கு நானே ஒரு நியாயம் சொன்னேன். மனிதன் எடுக்கவில்லைத்தானே, உண்மையான சத்தியம் அவரை ஒன்றும் செய்யாது, கற்பூரம் அணைத்தால் ஊர் நம்பிவிடும், எல்லாம் சரியாகிவிடும். உண்மையாகவே அப்படித்தான் நம்பினேன் அக்கா! என் வாயை நான் திறக்கத் தேவையில்லை என்பதற்குப் பிள்ளையாரையே ஆளாக்கினேன்.

ஆனையிறவில் எல்லோரையும் இறக்கினார்கள். என் பையைக் கிளறியவன் என்னைவிடச் சின்னவன். சாரத்தை விரித்தான். துவக்கைத் தோளில் மாட்டிவிட்டு இரண்டு கையாலும் கும்பிட்டான். பிறகு அவனே பையைக் கட்டித் தந்தான். பின்சீட்டில் வந்த மானிப்பாய்ப் பொடியன்கள் இரண்டு பேரை நிறுத்தி வைத்துக்கொண்டார்கள். பஸ் அவர்கள் இல்லாமல் வெளிக்கிட்டது.

பாட்ஸ்பியோர்ட்டுக்கு ஐயாவின் கடிதம் வந்தது. "இராசமணியின் பொடியன் செல் பட்டுப் போய்விட்டான். பிள்ளையார் கேட்டுவிட்டார்" என்று எழுதியிருந்தார். அன்றைக்கு மீன் வெட்டுகிற கத்தி என் உள்ளங்கையில் இறங்கியது. அந்தச் சிலையோடு ஒரே அறையில் இருக்க என்னால் முடியவில்லை. கையில் கட்டோடு போய் இங்கெபோர்க்கிடம் கொடுத்தேன். எங்கள் வீட்டுச் சாமியறையில் பரம்பரையாக இருந்தது என்று பொய் சொன்னேன். அவவுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தச் சிலையால்தான் தான் புத்த சமயத்துக்கு வந்ததாக இப்போது எல்லோருக்கும் சொல்கிறா. இந்த நாட்டுக்குப் புத்தரைக் கொண்டு வந்த ஆட்களில் நானும் ஒருத்தன் என்று புத்தகத்தில் போடப் போகிறாவாம். வெட்கமாக இருக்கிறது.

அக்கா, நீங்கள் இராசமணியிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். உங்களுக்குத்தான் சொல்லத் தெரியும்.

இப்படிக்கு,
குகநேசன்


கந்தரோடை
24.08.2003

தம்பிக்கு,

நல்லூர்த் திருவிழாவுக்குப் போய் வந்தேன். வெயில் கொளுத்துகிறது. நீங்கள் எல்லோரும் நலமாக இருக்க முருகனிடம் கேட்டேன். உனக்கென்று தனியாகக் கேட்க மனம் வரவில்லை, பிறகு கேட்டேன்.

பக்குவமாகச் சொல்லட்டாம்! நல்ல ஆள் நீ. அன்றைக்குப் பிள்ளையார் உனக்காகக் கதைக்க வேண்டும், இன்றைக்கு நான் கதைக்க வேண்டும். என் வாயால் சொல்ல மாட்டேன். அவருக்கே எழுது. அவருக்கு வாசிக்கத் தெரியாது. நான் வாசித்துக் காட்டுகிறேன். ஒரு சொல் கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்.

நான் உன்னை ஏச வெளிக்கிட்டு என்னிடமே வந்து நிற்கிறேன். வன்னிக்கு இடம்பெயர்ந்திருந்தபோது நேசமணியைக் கண்டேன். காய்ச்சலில் கிடந்தாள். "என்ரை பிள்ளையைத் திண்டது அந்த மனிசன்ரை வாய்தான், என்ன அக்கா?" என்று கேட்டாள். நான் ஓமென்று தலையாட்டினேன். ஆறுதலுக்குத் தண்ணீர் பருக்கிவிட்டு வந்தேன். மூன்றாம் நாள் செத்துப்போனாள். அந்தத் தலையாட்டல் இப்போது என்னைத் தூங்க விடுகுதில்லை.

புத்தர் கிடைத்த கதை வெளியே வந்தால் காணிக்கு என்ன ஆகுமோ என்று அத்தானுக்குப் பயம். எனக்கும் பயம்தான். ஆனாலும் எழுது.

அக்கா


ஸ்டோவ்னர்
15.09.2003

மதிப்புக்குரிய இராசமணி அண்ணைக்கு,

நீங்கள் உடல் சுகத்தோடு இருக்க வேண்டும். நான் வேலாயுதத்தாரின் மகன் குகநேசன். சின்ன வயதில் உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவன். இன்றைக்குத்தான் அண்ணை என்று எழுதுகிறேன்.

நெல்லறையிலிருந்த புத்தர் சிலையை எடுத்தவன் நான். நீங்கள் எடுக்கவில்லை. நீங்கள் சத்தியம் பண்ணும்போது சிலை என் பைக்குள் இருந்தது. தட்டைப் பிடித்துக்கொண்டு நான் பேசாமல் நின்றேன். சோதனைச் சாவடியில் தப்புவதற்காக எடுத்தேன். தப்பினேன். உங்களுக்கு வந்த பழியை அறிந்தும் பதினேழு வருஷம் வாய் திறக்கவில்லை. நீங்கள் கள்ளன் இல்லை. நான்தான் கள்ளன்.

மன்னியுங்கள் என்று கேட்கும் தகுதி எனக்கு இல்லை. நீங்கள் என்ன சொன்னாலும் செய்கிறேன்.

இப்படிக்கு,
குகநேசன்


கந்தரோடை
30.10.2003

குகநேசன் தம்பிக்கு இராசமணி சொல்லச் சொல்ல அக்கா எழுதுறது.

தம்பி, நான் சுகம். இருமல் மட்டும். நீங்கள், பெண்சாதி, பிள்ளை எல்லாரும் சுகமே?

கடிதத்தை அக்கா வாசிச்சவ. மூண்டுதரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டனான். 'நீங்கள் கள்ளன் இல்லை' எண்ட இடத்தை வேறையா ஒருக்கா வாசிப்பிச்சனான். கேக்க நல்லாயிருந்தது தம்பி. நேசமணி இருந்து கேட்டிருக்க வேணும்.

நீங்கள் ஒண்டுக்கு மனம் வருந்தக்கூடாது. பிள்ளை போனது உங்களாலை இல்லை. ஒருத்தருக்கும் சொல்லாத கதை ஒண்டு கிடக்கு, உங்களுக்குச் சொல்லுறன். அண்டு புத்தரை எடுக்கேக்கை மண்ணுக்குள்ளை ஒரு நீல மணியும் கிடந்தது. கடலை அளவு. உங்கடை ஐயா காணேல்லை. வடிவாயிருந்தது. மடியிலை செருகிக்கொண்டு போய் பொடியன்ரை அரைஞாண் கயித்திலை கட்டிவிட்டனான். அதைக் களவெண்டு நான் நினைக்கேல்லை.

கோயிலிலை ஐயா, 'கிணத்துக்குள்ளாலை வந்த ஒரு பொருளையும்' எண்டு சொல்லித் தந்தார். எனக்குத் திக்கெண்டுது. சிலையை எடுக்கேல்லை எண்டு கேட்டிருந்தால் நெஞ்சிலை அடிச்சுச் சொல்லியிருப்பன். மணியைச் சொன்னால் அப்ப சிலையும் நீதான் எண்டுவினம். பிள்ளையாருக்கு என்ரை மனம் தெரியும்தானே எண்டு நினைச்சுக்கொண்டு அணைச்சுப்போட்டன். செல் விழுந்த அண்டைக்குப் பிள்ளையைத் தூக்கேக்கை அந்த மணி அரையிலை கிடந்தது. அப்ப விளங்கிச்சுது எனக்கு. அதாலைதான் நேசமணி போகேக்கையும் மறிக்கேல்லை. பொன்னை எடுத்தனியோ எண்டு கேட்டாள், இல்லை எண்டனான். அதுக்கு மேலை சொல்ல வாய் வரேல்லை.

உங்கடை பாவம் வேறை, என்ரை பாவம் வேறை தம்பி. பிள்ளையின்ரை கணக்கை நீங்கள் சுமக்காதேங்கோ.

ஒரு ஆசை. இந்தக் கடிதத்தைக் கோயிலடியிலை சனத்துக்கு முன்னாலை வாசிக்கலாமோ? தம்பியைக் கேட்டுத்தான் செய்யவேணும் எண்டு அக்கா சொல்லுறா.

கைநாட்டு: இராசமணி


ஸ்டோவ்னர்
23.11.2003

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். இங்கே மூன்றரை மணிக்கே இருட்டிவிடுகிறது. உங்கள் முழங்காலுக்கு ஒரு பூச்சு மருந்து அனுப்பியிருக்கிறேன்.

இராசமணி அண்ணையின் கடிதத்தை பஸ் டிப்போவில் வைத்து வாசித்தேன். வாசித்த பிறகு அன்றைக்கு பஸ் ஓட முடியவில்லை. வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். அந்த மனிதனைப் பொய்ச் சத்தியம் பண்ண வைத்தவன் நான் அல்லவா? நான் வாய் திறந்திருந்தால் கற்பூரமே கொளுத்தியிருக்க மாட்டார்களே! இதை அவருக்குச் சொல்லுங்கள். பிள்ளையைக் கொன்றது பலாலியிலிருந்து வந்த செல். மணியும் இல்லை, சத்தியமும் இல்லை. திருப்பித் திருப்பிச் சொல்லுங்கள்.

கோயிலில் என் கடிதத்தைத் தாராளமாக வாசியுங்கள். ஆனால் அக்கா, அந்த மணியைப் பற்றி மட்டும் அவர் ஒருவருக்கும் மூச்சு விடக்கூடாது. ஊர் அதைப் பிடித்துக்கொள்ளும். என் பெயர் கெடட்டும், அவர் பெயர் துப்புரவாக வெளியே வரட்டும். அவரிடம் இதைக் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள்.

நேரே வந்து சொல்லத்தான் எனக்கு விருப்பம். தை மாதத்தில் லீவு கிடைப்பது கஷ்டம், ஆள் குறைவு. தர்மினிக்கும் பள்ளிக்கூடம். கமலாவும் புது வேலை. கோடை விடுமுறைக்குப் பார்ப்போம்.

இங்கெபோர்க்கிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவ எழும்பிப் போய்ச் சிலையைத் தட்டிலிருந்து இறக்கி மேசையில் வைத்தா. பிறகு, சிலையைத் திருப்பி அனுப்பவா என்று கேட்டா. அது உங்களுக்குக் காணிப் பிரச்சினையாகும் என்றேன். அப்படியென்றால் புத்தகத்தில் யார் பெயரைப் போடுவது என்றா. கிணற்றிலிருந்து எடுத்தவர் இராசமணி, களவாகக் கொண்டு வந்தவன் குகநேசன் என்று போடச் சொன்னேன். தர்மினி பக்கத்தில் இருந்தாள். நாலு நாளாக என்னோடு கதைக்கவில்லை.

இப்படிக்கு,
குகநேசன்


கந்தரோடை
15.02.2004

அன்புத் தம்பிக்கு,

உன் பூச்சு மருந்து வந்தது. சுகமாக இருக்கிறேன் என்று எழுதிப் பழகிவிட்டது, அதனால் எழுதுகிறேன். அத்தானும் சுகம். கமலாவையும் பிள்ளையையும் கேட்டதாகச் சொல்.

தை கடைசி வெள்ளி. பூசை முடிந்து சனம் கலையமுன் ஐயரிடம் கேட்டு வாசித்தேன். எழுபது எண்பது பேர் இருந்தார்கள். புத்தர் என்று வருகிற இடத்தையும் விழுங்காமல் வாசித்தேன். காணி போனால் போகட்டும்! இராசமணி அண்ணை வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு தூணோடு நின்றார். 'நீங்கள் கள்ளன் இல்லை' என்ற இடத்தைச் சத்தமாக வாசித்தேன். பிறகு சந்தைக் குத்தகைக்காரர் வந்து அவருடைய கையைப் பிடித்தார். ஒரு கிழவி அழுதாள். யாரோ ஒருவர், "அண்ணை, எங்கடை கிணறு தூர்ந்துபோய்க் கிடக்கு, வாற கிழமை வந்து பாருங்கோவன்" என்று கேட்டார். அந்த மனிதன் சிரித்ததை நான் அன்றைக்குத்தான் கண்டேன்.

நீ சொன்னதையெல்லாம் முன்பே அவருக்குச் சொல்லித்தான் கூட்டிக்கொண்டு போனேன். மணியைப் பற்றி வாய் திறக்கக்கூடாது என்று வழியெல்லாம் சொன்னேன். ஓம் ஓம் என்று தலையாட்டினார். ஆனால் கையைப் பிடித்தவரின் கையை விலக்கிவிட்டு நடுவில் வந்து நின்றார். "கொஞ்சம் பொறுங்கோ. நானும் ஒண்டு சொல்லவேணும்" என்றார். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்தேன். அவர் நிற்கவில்லை. மணியை எடுத்தது, பிள்ளைக்குக் கட்டியது, அணைத்தது எல்லாவற்றையும் சொன்னார்.

சனம் என்ன செய்யும் என்று நீ சரியாகத்தான் சொன்னாய். "பாத்தியே, சத்தியம் பொய்க்கேல்லை!" என்று ஒருத்தி தொடங்கினாள். அவ்வளவுதான். தூர்ந்த கிணற்றுக்காரர் வேட்டியை உதறிக்கொண்டு எழும்பிப் போய்விட்டார். அரை மணித்தியாலத்தில் கோயிலடியில் நானும் அவரும்தான். பதினேழு வருஷத்துக்குப் பிறகு அந்த மனிதன் ஊருக்கு முன்னால் நல்லவனாக நின்றது பத்து நிமிஷம் தம்பி, பத்தே நிமிஷம்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "உங்களுக்கென்ன விசரே? ஏன் சொன்னனீங்கள்?" என்று கத்தினேன். அவர் திருநீற்றை அள்ளிப் பூசிக்கொண்டு சொன்னார்: "தம்பி தன்ரை பிழையை அவ்வளவு தூரத்திலை இருந்தே சொல்லிப்போட்டார் பிள்ளை. நான் பிள்ளையாருக்கு முன்னாலை நிண்டுகொண்டு ஒளிக்கிறதே?"

உன்னைப் பெரிய மனிதன் என்று நினைத்துக்கொண்டு சொன்னார். உன்னைப் பார்த்துத்தான் சொன்னார். அதைக் கேட்டு எனக்கு அழுகை வந்தது, உன் மேல் ஆத்திரமும் வந்தது. லீவு இல்லை, பள்ளிக்கூடம், புது வேலை என்று நீ எழுதியதை நான் அவருக்கு வாசித்துக் காட்டவில்லை. கூட்ட மாட்டேன் குறைக்க மாட்டேன் என்று சொன்னவள், அந்த இடத்தை மட்டும் விழுங்கிவிட்டேன். பாதை பனியாம், அதனால்தான் தம்பி வரவில்லை என்று நானே ஒரு பொய்யைச் சொன்னேன். அவர் நம்பிவிட்டார். கவனமாக வரச் சொல்லுங்கோ என்கிறார். ஒவ்வொரு கிழமையும் எங்கள் வாசல் படலையடியில் வந்து நின்று, அங்கே பனி கரைந்துவிட்டதா என்று கேட்கிறார்.

நான் என்ன சொல்லட்டும்?

இப்படிக்கு,
அக்கா சிவநாயகி